ஒரு தீவும் அரை வலமும்

யாரும் கேட்காதபோதே வழி சொல்லும் வியாதி எனக்கு உண்டு. இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் அதற்குச் சேவை என்று பெயர் வைத்திருப்பேன். திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ஒரு விடுதிக்கு நான் மேலாளர். வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே கிரிவலம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பௌர்ணமியன்று எதிர்த் திசையில் வருகிறவர்களை நிறுத்தித் திருப்பி அனுப்புவதும் நான்தான். (அதில் இரண்டு பேர், பாவம், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள்.)

என் மனைவி மஞ்சுளா இதற்கு நேர் எதிர். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) இப்போது டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். ஊசி குத்தியதே தெரியாது, அதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவாள். பேச்சும் அந்த அளவுதான்.

கல்யாணமான பதினாறு வருடத்தில் அவள் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆறு போயி கடல்ல சேர்ற எடத்த ஒரு தடவ நேர்ல பாக்கணுங்க." எங்கள் பக்கத்து ஆறுகளில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். அதனால் அந்த ஆசை நியாயமானது. நான்தான் சீசன், தீபம், பௌர்ணமி என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருமுறை புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் கடற்கரையையும் ஐஸ்கிரீமையும் காட்டிவிட்டு, "கடல் பாத்தாச்சில்ல?" என்று திரும்பக் கூட்டிவந்த புண்ணியவான் நான்.

அவளுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. விடுதியில் தங்கியிருந்த ஒருவர், புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கழிமுகத்தில் கயாக் ஓட்ட விடுகிறார்கள், துடுப்புப் போட்டுக்கொண்டே முகத்துவாரம் வரை போகலாம் என்றார். முதல் நாளே கிளம்பி ஒரு உறவினர் வீட்டில் தங்கினோம். காலை ஏழரை மணிக்குப் படகுத்துறையில் நான், மஞ்சுளா, பத்தாவது படிக்கும் மகள் யாழினி மூவரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு நின்றோம். எனக்கு அதன் பட்டி வயிற்றுக்கு மேல் பூட்ட வரவில்லை. மற்ற இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

வழிகாட்டி சேகர் ஐம்பது வயதுக்காரர், மீனவர். கயாக் என்பது இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்னப் படகு. யாழினி அவரோடு ஒன்றில், நாங்கள் இருவரும் இன்னொன்றில். எதிரே ஆற்றின் நடுவில் அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு தீவு. அதன் அந்தப்பக்க முனையில்தான் ஆறு கடலில் சேருகிறது. தீவின் உச்சியில் ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு சூலம், மஞ்சள் துணி. என் வியாதி கிளம்புவதற்கு அந்தச் சூலம் போதுமானதாக இருந்தது.

சேகர் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், தண்ணி இப்பத்தான் ஏற ஆரம்பிக்குது. வடக்கால பக்கம் பூரா சேறு, படகு தட்டும். தெக்கால ஆழமா இருக்கும், அப்படியே போயி முகத்துவாரத்த பாத்துடலாம். திரும்பறப்ப வடக்கால தண்ணி ஏறியிருக்கும், அதுவே நம்மள தள்ளிக்கினு வந்துடும். ஒம்போதுக்குள்ள போயிடணும் சார். அதுக்கு மேல காத்து ஜாஸ்தியாயிடும், அந்தாண்ட யாரையும் விட மாட்டேன்."

நான் மனதுக்குள் வரைபடம் போட்டேன். தெற்கே போய் வடக்கே திரும்பினால் தீவு இடது கைப்பக்கம் வருகிறது.

"அப்படின்னா அம்மன இடமா சுத்தறாப்ல ஆவுதே?" என்றேன்.

"நாங்க தெனமும் எப்படியும் சுத்துவோம் சார். அம்மா கோச்சுக்க மாட்டா."

"உங்களுக்கு கோச்சுக்க மாட்டா. நாங்க அண்ணாமலைக்காரங்க."

(இதை எழுதும்போதே காது சூடாகிறது.)

அவர் யாழினியை உட்காரவைத்துத் தன் படகைத் தள்ளிய நேரத்தில் நான் எங்கள் படகை வடக்கே திருப்பிவிட்டேன். "என்னங்க, அவரு சொல்றத கேளுங்க" என்று முன்னால் உட்கார்ந்திருந்த மஞ்சுளா சொன்னாள். "அந்த மொனையில பாத்துக்கலாம்!" என்று நான் சேகருக்குக் கை காட்டினேன். அவர் கத்தியதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் ராஜ மரியாதை. நாரை பறந்தது, நண்டு ஓடியது. பிறகு படகின் அடியில் 'சரக்' என்றது. இன்னும் நான்கு தடவை துடுப்புப் போட்டேன். நான்கு தடவையும் என் சட்டைமேல்தான் சேறு வந்தது. சுற்றிலும் கறுப்புச் சேறு, எட்டத்தில் கயிறு போல ஒரு தண்ணீர்க் கோடு. கைபேசிகள் கரையில் இருந்தன.

"எறங்கித் தள்ளிடறேன்" என்று வீரமாக இறங்கினேன். ஒரு நொடியில் தொடை வரை போய்விட்டேன்.

"ஆடாம நில்லுங்க" என்றாள் மஞ்சுளா.

"ஆடலடி, முழுகறேன்!"

"முழுக மாட்டீங்க. துடுப்பால குத்திப் பாத்தேன், அடியில கெட்டியா இருக்கு. குதிகால ஊனாதீங்க. வெரல கீழ நீட்டிக்கினு, முட்டிய மடக்கி, நெதானமா பின்னால எடுங்க."

செருப்புகளைச் சேற்றுக்குத் தானம் செய்துவிட்டு ஒருவழியாகப் படகின்மேல் குப்புற விழுந்தேன். மூச்சு வாங்கியதும் அடுத்த யோசனையையும் சொன்னேன். "தண்ணி ஏறட்டும் மஞ்சு. தானா மெதக்கும்."

"எப்ப?"

"ஒரு... ஒன்னரை மணி நேரம் ஆவும்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு அடித்துப் பத்து நிமிடம். "ஒம்போதுக்கு மேல விட மாட்டேன்னாரு. பதினாறு வருஷம் ஆச்சுங்க. இன்னைக்கு நான் பாத்துட்டுதான் வருவேன்."

குரலை உயர்த்தவே இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கெடுத்தது ஒரு காலைப்பொழுதை அல்ல, அவள் கேட்ட ஒரே பொருளை.

சுடிதாரை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் நின்ற அதே சேறுதான். ஆனால் அவள் அதில் நடந்தாள். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் நடவு வயலில் இருந்தவள் என்று தெரியும். ஆனால் அந்தக் கால் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு காலை உருவும்போது சத்தமே வராது, அடுத்த கால் சாய்வாக இறங்கும். படகின் முனைக் கயிற்றைத் தோளில் போட்டு, குனிந்து, அடி அடியாக இழுத்தாள்.

"நானும் எறங்கட்டுமா?"

"வேணாம். திரும்ப உங்கள வேற தூக்கணும்."

நூறு அடி இருக்கும். இடுப்பு வரை கறுப்பாகி, வேர்வை சொட்டச் சொட்ட இழுத்து, அந்தத் தண்ணீர்க் கோட்டில் படகை மிதக்கவிட்டு ஏறிக்கொண்டாள். துடுப்பு எப்படிப் போடுவதென்று காலையில் சேகர் இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்போது நான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் கவனித்திருக்கிறாள். ஏறி வரும் தண்ணீரை எதிர்த்து, கரை ஓரமாகவே, மூச்சை எண்ணிப் போடுவது போல ஓட்டினாள். நானும் உதவப் போய் இரண்டு தடவை அவள் துடுப்பில் மோதினேன்.

"உங்களுத மடியில வெச்சிக்கோங்க" என்றாள். வைத்துக்கொண்டேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மரங்கள் விலகின. பழுப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுரை ஒரு கோடாக நெளிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை கடல். சேகரும் யாழினியும் அங்கே தவித்துக்கொண்டு நின்றார்கள். "அம்மா!" என்று யாழினி கத்தினாள். (அப்பா என்று கத்தவில்லை.)

மஞ்சுளா கோட்டுக்கு இந்தப் பக்கம் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அந்தப் பக்கமும் நனைத்து வைத்தாள். "இந்தாண்ட உப்பு கம்மி. அந்தாண்ட ஜாஸ்தி" என்றாள், பரிசோதனை முடிவு சொல்லும் அதே குரலில். சொல்லிவிட்டு, சேறு அப்பிய முகத்தோடு சிரித்தாள் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சேகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சேறு மிதிச்சா வந்தீங்க? எங்க ஆளுங்களே தண்ணி ஏற காத்துக்கினு கெடப்பாங்க தங்கச்சி" என்றார். பிறகு என்னிடம், "சார், நீங்க என் படகுக்கு வந்துடுங்க. பாப்பா அம்மாகூட வரட்டும்" என்றார். அதற்குள் வடக்கே தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. எல்லோரும் அந்த வழியாகவே துறைக்குத் திரும்பினோம். ஆக, அந்தத் தீவை நான் வலமும் வரவில்லை, இடமும் வரவில்லை. வலம் வரக் கிளம்பி, போன வழியே திரும்பியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் வெளியே தெரியாமல் போயிருக்கும். ஆனால் நாங்கள் மரங்களைத் தாண்டி வந்த கணத்தில் யாழினி சேகரின் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டாள். அது இப்போது எங்கள் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பு வலிக்கும் மஞ்சுளா. பின்னால் நான், மடியில் துடுப்பு, நிமிர்ந்த முதுகு, எங்கோ பார்க்கும் முகம். போன தை மாதம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த உறவுக்காரப் புது மாப்பிள்ளை ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "முன்னால ஓட்டறது அத்தைன்னு தெரியுது. பின்னால யாரு?" என்று கேட்டார்.

"அது உற்சவர்" என்றாள் என் மகள்.

அதிலிருந்து குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் மஞ்சுளா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "சாமி பொறப்பாடு ஆச்சா?" என்று யாழினி உள்ளே குரல் கொடுப்பாள். நான் வாயைத் திறக்காமல் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன்.