கண்ணை மூடிக் கேட்ட வீடு

திருவண்ணாமலை
12.3.1998

அன்புள்ள மைத்துனர் அப்பாதுரைக்கு,

மாமா வேணு எழுதுவது. இங்கு நான், உன் அக்கா கஸ்தூரி, கடலை மண்டியில் அடுக்கிய மல்லாட்டை மூட்டைகள் உட்பட எல்லோரும் சௌக்கியம். ஆரணியிலும் அப்படியே இருக்க வேண்டும்.

பௌர்ணமிக்கு மெஸ் வைக்க நீ கேட்டிருந்த அடி அண்ணாமலை வீட்டை நாலு கன்னியாஸ்திரீகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

டவுனில் பெரிய மதில் வைத்த கான்வென்ட்டில் இருந்தவர்கள். உள்ளேயே இருந்தது போதும், காலத்துக்குத் தகுந்தபடி ஜனங்களோடு போய் இருங்கள் என்று அவர்கள் சபையிலிருந்து கடிதம் வந்ததாம். கிரிவலத்துக்குக் கூட்டிவந்த வயசானவர்களைக் கூட்டத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிற பிள்ளைகள் இப்போது ஜாஸ்தி. அந்தப் பெரியவர்களுக்குச் சோறு போட்டு, ஊர் விசாரித்து அனுப்பி வைக்க ஒரு வீடு வேண்டும் என்று மண்டிக்கே வந்துவிட்டார்கள். உன்னை மனசில் வைத்து, மலைத்துத் திரும்பிப் போகட்டும் என்று ஆயிரத்தைந்நூறு என்றேன். மூத்தவர் சிஸ்டர் கித்தேரி, "கொஞ்சம் இருங்கய்யா" என்றார். நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நம் மண்டியில் விலை சொன்னதும் வாங்குகிறவன் கண்ணை மூடினால் விலை ஜாஸ்தி என்று அர்த்தம். பழக்கதோஷம், "சரி, ஆயிரத்து இருநூறு" என்றேன். அசையவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். "ஆயிரம்." ஒரு சிஸ்டர் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு பார்ட்டியை நான் பார்த்ததில்லை, எண்ணூறுக்கு வந்து நின்றேன்.

சிஸ்டர் கித்தேரி கண்ணைத் திறந்தார். "ஏன்யா நடுவுல பேசிக்கினே இருந்தீங்க? நாங்க வாடகைய யோசிக்கல. போலாமா வேணாமானு ஆண்டவர்கிட்ட கேட்டுக்கினு இருந்தோம்."

"இன்னா சொன்னாரு?"

"போகச் சொல்றார். நீங்க மொதல்ல சொன்ன வாடகையே தரோம்."

சொன்ன விலையை ஆட்கள் முன்னால் ஏற்றினால் நாளைக்கு மண்டியில் எவன் நம்புவான்? எண்ணூறுதான் என்று சொல்லிவிட்டேன். ஆக, ஏமாந்தது நான். உன் மெஸ்ஸுக்குச் செங்கம் ரோட்டில் இடம் பார்க்கிறேன்.

உன் சம்சாரம் ஜோதியம்மாளும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை.

உன் மாமா,
வேணு

பி.கு.: மேலே இருப்பதை உன் அக்கா படித்துச் சிரித்துவிட்டுக் கொடுத்தாள். இதைத் தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். நான் ஏமாறவில்லை. ஜெபம் பண்ணாமல் எதையும் முடிவு பண்ண மாட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் கண்ணை மூடினார்கள். அதற்கு முன்னாடி, "ஃபேன், தோட்டம் எல்லாம் விட்டுட்டு எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டேன். "முப்பத்தெட்டு வருஷம் அந்த கேட்டுக்குள்ள இருந்தேன்யா, எதுத்த வீட்ல யாருன்னு தெரியாது. இந்த வயசுல வெளிய வர பயமாத்தான் இருக்கு" என்றார் சிஸ்டர் கித்தேரி. என் எதிர்வீட்டில் யார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தபோதும் அந்த அம்மா மடியில் இருந்த பையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தேன். அக்காவிடம் சொல்லாதே. வாடகை எண்ணூறு, அட்வான்ஸ் கிடையாது. வாடகையை ஏற்றுவதென்றால் முதலில் நானும் அவர்களோடு கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்று பேச்சு.