வைக்கோலில் பிறந்த மாப்பிள்ளை

நெல்லிவாசல்நாடு,
விளம்பி வருஷம், ஆவணி மாதம்.

என் மருமகனும், போன மாதம் முதல் என் மகனுமாகிய சிரஞ்சீவி கண்ணாயிரத்துக்கு, மாமனார் அர்ச்சுனன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் மாமியார் வெள்ளையம்மாள், மகள் வடிவு, எருமைகள் யாவரும் சுகம். அவ்விடம் பர்மாவில் தாங்கள் சுகமாயிருக்கக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மகன் என்று எழுதியதைப் பார்த்து, கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கலங்கியது உண்மைதான், ஆனால் காரணம் தாங்கள்.

தாங்கள் வேலை பார்க்கும் தோல் மண்டியில் தீப்பிடித்துப் பெட்டியோடு பாஸ்போர்ட்டும் எரிந்துபோயிற்று, நம்முடைய தூதரகத்தில் போய் நின்றால், 'நீ கண்ணாயிரம்தான், உயிரோடு இருக்கிறாய் என்று உன் ஊரார் எழுதிக் கொடுத்தால்தான் புதுப் பாஸ்போர்ட், அது இல்லாமல் கப்பல் ஏற முடியாது' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எதிரே நின்று மூச்சு விடுகிறவனுக்கு ஜவ்வாது மலையிலிருந்து சாட்சி எதற்கு என்று சனாவுல்லா பாயைக் கேட்டேன். நம்மிடம் ஆவாரம்பட்டை வாங்க வாணியம்பாடியிலிருந்து லாரியில் வருவாரே, உங்களை அங்கே தம்முடைய தம்பியின் மண்டிக்கு அனுப்பிவைத்த அதே பாய்தான். "சர்க்கார் கண்ணால பாக்காதுங்க, காகிதத்தாலதான் பாக்கும்" என்றார். சரி, ஒரு காகிதம்தானே என்று ஊர்க்கவுண்டர் கருப்பனிடம் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா அர்ச்சுனா, நெனப்பு இல்லியா? அவனுக்குத்தான் கருமாதி பண்ணிட்டோமே!"

இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். கடல் தாண்டிப் போனவன் மூன்று ஆடி கழிந்தும் சேதி அனுப்பவில்லை என்றால், வைக்கோல் பொம்மை கட்டி ஓடைக்கரையில் கொளுத்திக் காரியம் செய்வது நம்ம பக்கத்து வழக்கம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு கார்டு எழுதிப் போடக் கை வலித்ததா? ஊரே கூடி அழுதது, கிடா வெட்டிச் சாப்பிட்டது. வடிவு மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். "அவுரு செத்தா எனக்குத் தெரியாதா?" என்றாள். பைத்தியம் என்றோம். பிறகு உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கு அவள் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கவுண்டரோ மசியவில்லை. "கருமாதிச் சோறு துன்ன வாயால உசுரோட கீறான்னு எப்பிடிச் சொல்றது? செத்தவன் செத்தவன்தான். வேணும்னா மறுக்காப் பொறக்கட்டும், கையெழுத்துப் போட்றேன்" என்றார். ஆள் பர்மாவில் இருக்கிறானே என்றேன். "பொம்மையில செத்தவன் பொம்மையில பொறக்கக்கூடாதா?" என்றார். ஊரார் எல்லோரும் தலையாட்டினார்கள், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆக, முழ நீளத்துக்கு ஒரு வைக்கோல் பொம்மை கட்டினோம். மருத்துவச்சி செல்லி வந்தாள். பெறுவதற்கு ஒருத்தி வேண்டும் என்றாள். உங்களைப் பெற்ற மகராசி போய்ச் சேர்ந்துவிட்டாள், வேறு யாரும் முன்வரவில்லை. கடைசியில் உங்கள் மாமியாரைப் பிடித்தார்கள். இன்றுவரை உங்கள் எதிரே முக்காடு விலக்கிப் பேசாதவள், "மருமவனைப் பெக்கறதா? ஐயோ, நான் கெணத்துல வுழுவேன்" என்று கத்தினாள். வடிவின் முகத்தைப் பார்த்தபின்தான் மறைப்பாகக் கட்டிய கம்பளிக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். செல்லி சும்மா விடுகிறவளா? "முக்கு, நல்லா முக்கு" என்று அதட்டி, பொம்மையை வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். குழந்தை அழவில்லை. "அழுவலன்னா எப்பிடி உசுருன்னு சொல்றது?" என்று கவுண்டர் எழுந்துவிட்டார். அந்த நேரத்தில், மூலையில் நின்ற வடிவு ஓவென்று அழுதாள் பாருங்கள், இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை. "அழுதுட்டான், அழுதுட்டான்!" என்று செல்லி குலவை போட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஆண் பிள்ளை வேறு.

தீட்டுக் கழியும்வரை உங்கள் மாமியாரைச் செல்லி அடுப்பண்டை விடவில்லை, பிள்ளை பெற்றவளுக்கான காயம் இடித்துக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். சாமைச் சோறு பொங்கியது நான். பொம்மையின் காதில் கண்ணாயிரம் என்று மூன்று முறை கூப்பிட்டதும் நான்தான். கணக்குப்பிள்ளை எழுத உட்கார்ந்தார். பிறந்த நாள் என்று அன்றைய தேதியையே போடச் சொன்னார் கவுண்டர், அவர் பொய் சொல்லமாட்டார். தாய் வெள்ளையம்மாள் என்றார்கள், தகப்பன் பெயர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படியானால் வடிவு அவனுக்கு அக்காள் முறையாகிறதே என்றேன். "அதெல்லாம் அவன் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கவுண்டர்.

அந்தக் காகிதத்தை முத்திரை குத்திப் போளூர் போய் நேராகத் தூதரகத்துக்கே போன மாதமே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். இனி ஒரு தடையும் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் புறப்படுங்கள். வடிவு வாசலைச் சாணி போட்டு மெழுகி மெழுகி வீடு ஒரு விரல் உயர்ந்துவிட்டது. காளியம்மன் துணையிருப்பாள், நீண்ட ஆயுளோடு இருங்கள், இந்தத் தடவையாவது.

இப்படிக்கு,
தங்கள் மாமனாரும் ரிக்கார்டுப்படி தகப்பனாருமாகிய
அர்ச்சுனன்.

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் தூதரகத்தின் பதில் வந்தது. சனாவுல்லா பாய் படித்துச் சொன்னார். கைக்குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் கிடையாதாம், தாயின் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொள்வார்களாம், குழந்தையை அழைத்துப் போகத் தாய் நேரில் வர வேண்டுமாம். மலையடிவாரத்து அமிர்தியைக்கூடத் தாண்டாத உங்கள் மாமியார் மறுபடியும் கிணற்றைப் பார்க்கிறாள். வடிவுதான் முன்னால் வந்து, "எம் புருசனை நான் பெத்ததா எழுதிக் குடுங்க. நானே போயி இட்டாறேன்" என்றாள். கவுண்டரும் சம்மதித்தார். பொம்மையை எடுக்கக் கொட்டகைக்குப் போனால், அதை எருமை தின்றுவிட்டிருந்தது. ஆகவே தாங்கள் மறுபடியும் காலமாகிவிட்டதாக ஊர் முடிவு செய்திருக்கிறது, கருமாதி வருகிற ஞாயிற்றுக்கிழமை. வடிவு அதையெல்லாம் காதில் வாங்காமல் புது வைக்கோல் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள், செல்லிக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். நீங்கள் பிறந்ததும் தந்தி அடிக்கிறேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.