கோட்டுக்குள் ஒரு நகைப்பெட்டி

கையில் காப்பு, கழுத்தில் அட்டியல், காலில் கொலுசு எல்லாம் போட்டுக்கொண்டு மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய ஒரே ஆம்பிளை எங்கள் கோட்டு மாமாதான். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் தங்கள் தோட்டத்து ஆளைக் கூட்டிக்கொண்டு கந்தப்பளைச் சந்திக்கு வரலாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடுவோம்.

மாமா என்றால் அம்மாவுடைய அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மா ஒருத்திதான் தங்கை. நானும் என் தங்கையும்தான் மருமகள்கள். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். நுவரெலியா நடைபாதைக் கடையில் வாங்கிய தடித்த கறுப்புக் கோட்டைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு திரிவார். எங்கள் குளிருக்கு அது சரி. கொழும்பில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் அதே கோட்டோடு வந்து உட்கார்ந்தார். நெற்றி வியர்வை இலையில் சொட்டி ரசத்தோடு சேர்ந்தது. "கோட்டக் கழட்டிட்டு சாப்பிடுங்களேன்" என்று பந்தி பரிமாறியவர் கெஞ்சினார். "பழகிப்போச்சுங்க" என்று இன்னொரு கை சோறு கேட்டார் மாமா. உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் என் பள்ளிக்கூடத்து வாணி விழாவில்தான் ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் படிப்பித்த ஒரு டீச்சர் அன்று கல் அட்டியல் ஒன்று போட்டு வந்திருந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சிரித்துக்கொண்டு, "இது என்ர அம்மம்மாவின்ர அம்மா போட்ட அட்டியல். எங்கட வீட்டில கைமாறிக் கைமாறி வந்தது" என்றார். வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு அதே பேச்சு. "நமக்கு அப்பிடி என்னா இருக்கு? கொழுந்துக் கூடதான் கைமாறிக் கைமாறி வந்திருக்கு" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நகை என்பது, அடகுக் கடைக்குப் போகிற வழியில் பெண்கள் காதில் கொஞ்ச நேரம் தங்கிப் போகும் சாமான். போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த டீச்சரோட பூட்டிக்கு அது வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? அவங்களும் ஒரு நா கடையில வாங்குனதுதானே? நம்ம வீட்டுலயும் யாராச்சும் பூட்டியா ஆரம்பிக்கணும்ல? நா ஆரம்பிக்கிறேன்."

"நீங்க ஆம்பளண்ணே!"

"சரி, பூட்டனா ஆரம்பிக்கிறேன்."

அந்த மாதமே கந்தப்பளை நகைக்கடைக்குப் போனார். நானும் அம்மாவும் கூடப் போனோம். காப்பு வேண்டும் என்றார். "யாருக்குங்க?" என்று கேட்டார் முதலாளி.

"என் பேத்தியோட பேத்திக்கு."

முதலாளி அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். "கல்யாணமாகி எத்தன புள்ளைங்க?" என்று முதலாளி மரியாதையாக விசாரித்தார். "இன்னும் பொண்ணு பாக்கல" என்றார் மாமா. அவர் கேலி பேசவில்லை என்பது முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு மாமாவைப் போல விசுவாசமான வாடிக்கையாளர் யாருமில்லை. சம்பள நாளில் மற்ற டிரைவர்கள் ஒரு பக்கம் போவார்கள், இவர் கடைக் கண்ணாடி முன்னால் நெற்றிச்சுட்டி வைத்துத் தலையை ஆட்டி அழகு பார்த்துக்கொண்டிருப்பார்.

வாங்கிய நகையை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு மாமாவிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது.

"பொட்டியில வச்சா நகை அடகுக் கடைக்கு வழி தேடும். வீட்டு ஆம்பள கண்ணுல பட்டா அதோட ஆயுசு முடிஞ்சிச்சு. உடம்புல இருக்கிற நகைதான் வீட்டு நகை."

"அப்ப எங்கிட்ட குடுங்க, நா போட்டுக்கிறேன்" என்றாள் அம்மா.

"ஒன் வீட்டுக்காரரு நல்லவருதான். ஆனா ஆம்பள."

அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பத்திரிகையைக் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆகவே மாமாவே போட்டுக்கொண்டார். காப்புகள் கோட்டுக் கைக்குள் போயின. அட்டியல் கழுத்துப் பொத்தானுக்குள் போனது. தோடும் மூக்குத்தியும் கோட்டின் உள்பக்கம் ஊசி குத்தித் தொங்கின. போட்டுக்கொள்ளப் போகிறவர் அவர்தான் என்பதால் எல்லாவற்றையும் தன் அளவுக்கே வாங்கினார். பேத்தியின் பேத்தி ஒரு லொறி டிரைவரின் மணிக்கட்டோடுதான் பிறப்பாள் என்று எதை வைத்து நம்பினாரோ தெரியாது.

கொலுசு வாங்கிய வருஷம் ரகசியம் உடைந்தது. கார்த்திகை மாதத்துப் பனி, பகலிலேயே எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. மேல் மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பனிக்குள்ளிருந்து சல், சல் என்று சத்தம் ஏறி வந்தது. ஒரு அக்கா கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா, எங்கள ஒண்ணும் செஞ்சிராத! ஒனக்கு ஒரு சேவல் அறுத்துப் பொங்க வைக்கிறேன்!" மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சல், சல் என்று பக்கத்தில் வந்து நின்ற ஆத்தா, "கொழுந்து தராசுல நிறுத்தாச்சா? லொறி நிக்குது" என்று கேட்டார்.

அந்த அக்கா நேர்மையானவள். நேர்ந்த சேவலைக் கோயிலுக்குக் கொடுப்பதா, கோட்டு மாமாவுக்குக் கொடுப்பதா என்று பூசாரியிடமே போய்க் கேட்டாள். பூசாரி கோயிலுக்கு என்றார். குழம்பில் பாதி என்னவோ எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா வெட்கப்படாமல் சாப்பிட்டார்.

ஒருமுறை மாமாவுக்கு விடாத இருமல். நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கோட்டைக் கழற்றச் சொன்ன சிங்கள நர்ஸ் மிஸ்ஸி, மாமாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "மே மொகக்த மாமே?" இது என்ன மாமா என்று கேட்டாள். "பவுலே ரத்தரங் மிஸ்ஸி, பவுலே ரத்தரங்" என்றார் மாமா, குடும்பத்துத் தங்கம் என்று. குடும்பத்துத் தங்கத்தோடு படம் எடுக்க முடியாது என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டார்.

அம்மா ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அட்டியலும் காப்புமாக உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கியும் விட்டாள். மாமா வெளியே வந்ததும் கேட்காமலே கழற்றப் போனாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வீடு வரைக்கும் போட்டுக்கிட்டு வா" என்றார். கந்தப்பளை பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். என் தாய்க்கு அந்த ஒரு பயணத்தைக் கொடுத்ததற்காகவே மாமாவின் மற்றப் பைத்தியக்காரத்தனங்களை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

பிறகு என் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஹட்டன் பக்கம். மாப்பிள்ளை சாது. அவருடைய பெரியம்மா அப்படியில்லை. பல கல்யாணங்களை நடத்திவைத்தவர், இரண்டொன்றை நிறுத்தியும் இருக்கிறார் என்று கேள்வி. பரிசம் போட வந்த அன்று என் வெறுங்கையைப் பார்த்து, "பொண்ணுக்கு என்னா போடுறீங்க?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா எழுந்து நின்றார்.

"பரம்பரக் காப்பு. சோடியா. முகூர்த்தத்துக்கு முன்னால தாய்மாமன் நானே என் கையால போட்டு விடுவேன்."

பரம்பரை என்ற சொல்லுக்குப் பெரியம்மா கொஞ்சம் அடங்கினார். அந்தப் பரம்பரைக்கு என் வயதுகூட ஆகவில்லை என்பதை நாங்கள் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். அன்று காலை மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து வலக்கைக் காப்பைக் கழற்றினார், வந்தது. இடக்கைக் காப்பை இழுத்தார், வரவில்லை. இத்தனை வருஷம் கியர் போட்டுப் போட்டு அந்தக் கை தடித்துப்போயிருந்தது. சவுக்காரம் போட்டார்கள். தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். மாஜரின் பூசினார்கள். வெண்டிக்காயை நசுக்கித் தேய்த்தால் வழுக்கும் என்றார் ஒருவர். சாம்பாருக்கு வைத்திருந்தது போனதுதான் மிச்சம். மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்து மரத்துப்போகும் வரை பிடித்தார்கள். லயமே வரிசையில் நின்று இழுத்தது. மாமா கத்தினார். காப்பு அசையவில்லை. தங்கச்சி போனில் படம் எடுத்தாள், அம்மா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோயிலில் மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "தாய்மாமன் எங்க? காப்பு எங்க?" என்று பெரியம்மா ஆள் விட்டுக் கேட்டார். இரண்டாவது ஆளும் வந்தார். மூன்றாவதாகப் பெரியம்மாவே புறப்பட்டு வருவதாகச் செய்தி வந்தது.

"ஒத்தக் காப்பு போதும்ணே" என்றாள் அம்மா. "நா அவங்க கால்ல விழுந்தாவது சொல்லிக்கிறேன்."

"போதும் மாமா" என்றேன் நானும்.

மாமா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காப்பில் ஒரு கீறல் விழக்கூடாது என்று ஸ்டியரிங்குக்குத் துணி சுற்றியவர் அவர். "ஒத்தக் காப்போட எம் புள்ள அடுத்த வீட்டுக்குப் போறதா?" என்றார். தொழிற்சாலையில் யந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் கூட்டத்தில் நின்றார். அவரைக் கூப்பிட்டார். "இரும்பறுக்கிற வாள எடுத்துட்டு வா."

விருந்துக்கு வந்திருந்த நகைக்கடை முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, தங்கத்தயா? அத முறையா நாங்க செஞ்சி..." என்றவர், மேளச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தோளிலிருந்த சால்வையை எடுத்து மாமா கைக்குக் கீழே விரித்தார், தூள் சிந்தக்கூடாது என்று. தேயிலை அரைக்கிற யந்திரங்களைக் கழற்றி மாட்டிய பிட்டர், தங்கத்தின் முன்னால் நடுங்கி நடுங்கி வாளை இழுத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வாய் மட்டும், "மெதுவா, மெதுவா. கைய இல்ல, காப்பச் சொல்றேன்" என்றது.

வெட்டு விழுந்தது. விரித்துக் கழற்றினார்கள்.

கோயிலுக்கு ஓடினோம். பெரியம்மா முன்னால் மாமா என் கையைப் பிடித்து முழுக் காப்பை முதலில் போட்டார். அது மணிக்கட்டில் நிற்காமல் சறுக்கிக்கொண்டு முழங்கைக்குப் போனது. கையைத் தாழ்த்தினேன், விழப் பார்த்தது. பெரியம்மாவின் புருவம் உயர்ந்தது. மாமா வெட்டிய காப்பை எடுத்து என் கையில் மாட்டி, இரண்டு முனையையும் விரலால் மெல்ல அமுக்கினார். எனக்கென்றே வார்த்ததுபோல் பிடித்துக்கொண்டது.

மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பிட்டரு! இதயும் வெட்டுப்பா!"

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். கோயில் வாசற்படியில் வைத்து அதையும் வெட்டினார்கள். பெரியம்மா கிட்டே வந்து பார்த்தார். "பரம்பரக் காப்புன்னா வெட்டு இருக்கும் போல" என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொன்னார். "ஆமாங்க, எங்க வீட்டு வழக்கம்" என்றாள் அம்மா, தலையைக் குனியாமல்.

அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. வெட்டை ஒட்டித் தருகிறேன் என்று முதலாளி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், நான் கொடுக்கவில்லை. தங்கச்சி தன் கல்யாணத்துக்கு அமுக்கிப் போட்டாள். அம்மா பொங்கலுக்கு விரித்துப் போடுகிறாள். என் மகள் போட்டுப் பார்த்துவிட்டு ஓடுகிறாள். எந்தக் கைக்கும் வருகிற காப்பு வேறெந்த வீட்டில் இருக்கிறது?

கல்யாணத்தன்று சாயங்காலம் ஹட்டனுக்குப் புறப்பட்டோம். எல்லோரும் வேனைச் சுற்றி நின்று அழுதார்கள். மாமா மட்டும் தள்ளி, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் போய் அந்தக் கைகளை வெளியே இழுத்தேன். மாஜரின் வாசம் இன்னும் போகவில்லை. இடது மணிக்கட்டில் வாள் பட்ட சிராய்ப்பு. காப்பு கிடந்த இடம் இரண்டு கையிலும் வெயில் படாமல் வெள்ளையாக இருந்தது.

"வெறுங்கையா இருக்கு மாமா" என்றேன்.

அவர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வெறுங்கை?" என்றார். "இந்தா, ரெண்டு கையிலயும் கெடக்கே."