சனிக்கிழமையை உடைத்த கதை

அந்தக் காலத்தில் விருத்தாசலத்தில் சொந்தமாகக் கிழமை வைத்திருந்தவள் ஒரே ஒருத்திதான். மற்ற நாங்களெல்லாம் ஜவுளிக்கடைக்காரன் சும்மா கொடுத்த காலண்டரில் இருந்த கிழமையை வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம். அவள் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் செகண்ட்ஸ் அக்கா.

அவள் வீட்டுக்காரர் பீங்கான் பட்டறையில் சூளை வேலை பார்த்தார். சூளைக்குள் போன சாமான் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. கோணிக்கொண்டு வரும், கொப்புளம் போட்டு வரும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதற்கெல்லாம் செகண்ட்ஸ் என்று பெயர். கடைக்குப் போகாத அந்தச் சாமான்கள் மொத்தமும் அக்கா வீட்டுக்கு வந்துவிடும். உப்பு ஜாடிக்கு மூடி பொருந்தாது. சாம்பார்க் கிண்ணம் உட்கார்ந்த இடத்தில் சுற்றும். அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கையால் சாப்பிட்டு இன்னொரு கையால் தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்குப் பக்கத்து வீட்டில்தான் நான் குடிவந்தேன். அறுபதுகளின் கடைசி. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கல்யாணச் சீராக வந்த ஆறு கப், ஆறு சாசர், முதல் தரம், தங்கக் கோடு போட்டது. விருந்தாளி வந்தாலும் அதை எடுக்க மாட்டேன், காட்டுவேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எவ்வளவு உயரத்திலிருந்து அந்த அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அந்த வருஷம் சேலத்தில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வந்து அன்று சாயங்காலமே திரும்பிவிடுவார். எங்கள் மகள் செல்விக்கு நாலு வயசு. திங்கட்கிழமை விடிந்ததும் ஆரம்பிப்பாள்.

“அப்பா எப்பம்மா வரும்?”

“ஞாயித்துக்கெழம.”

“ஞாயித்துக்கெழம எப்பம்மா வரும்?”

படித்த தாய் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் முன்னால் அவளை நிறுத்தினேன். கறுப்பு எழுத்துத் தாளெல்லாம் சாதாரண நாள், சிவப்பு எழுத்துத் தாள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு வந்தால் அப்பா வருவார் என்று விளக்கினேன். ரொம்பத் தெளிவாகத்தான் விளக்கினேன். குழந்தை பளிச்சென்று புரிந்துகொண்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறேன், கூடம் முழுக்கத் தாள். முக்காலி மேல் நின்றுகொண்டு செல்வி கிழித்துக்கொண்டிருக்கிறாள். சிவப்பு வந்ததும் வாசலுக்கு ஓடிப் பார்த்திருக்கிறாள். அப்பாவைக் காணோம். சரி, இந்தச் சிவப்பு இல்லை போலிருக்கிறது என்று அடுத்த சிவப்புக்குப் போயிருக்கிறாள். அதிலும் காணோம். நான் குடத்தை இறக்கி வைத்தபோது மார்கழியில் இருந்த எங்கள் வீடு ஆனி மாதத்துக்கு வந்துவிட்டிருந்தது.

அந்த ஞாயிறு வந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு, “ஏன்டி, ஆறு மாசமாவா நான் வூட்டுக்கு வரல?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து செல்வி பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் காலையில், நான் கேட்காமலே, “இன்னைக்குக் காது இல்லாத கெழமம்மா. அப்பா வர்றதுக்கு இன்னும் நெறய இருக்குது” என்றாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். அக்கா வீட்டு அடுப்படிச் சுவரில் வரிசையாக ஏழு ஆணி. ஆணிக்கு ஒரு கப், அத்தனையும் செகண்ட்ஸ். திங்களுக்கு வாய் கோணினது. செவ்வாய்க்குக் காது இல்லாதது. அதை மட்டும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். புதன் பாதி நீலம், மீதிக்குச் சாயம் ஏறவில்லை. வியாழன் உடம்பெல்லாம் கொப்புளம். வெள்ளி, சூளையிலேயே ஒட்டிக்கொண்ட இரண்டு கப். சனி ஒரு பக்கம் சாய்ந்தது, கீழே வைத்தால் உருண்டுவிடும், கையில் வாங்கினால் குடித்து முடித்துத்தான் ஆக வேண்டும். ஞாயிறு வயிறு ஊதினது. எல்லாவற்றையும்விடப் பெரிசு, நிறைய டீ பிடிக்கும்.

அன்றைக்கு எந்தக் கிழமையோ அந்தக் கப் மட்டும்தான் ஆணியிலிருந்து இறங்கும். முதலில் அவள் பிள்ளைகள் இரண்டும், பிறகு வீட்டுக்காரர், கடைசியில் அவள், எல்லோரும் அதே கப்பில்தான் குடிக்க வேண்டும். தேதிக்குத் தனி ஏற்பாடு. கரண்ட் ஒயர் பிடிப்பதற்குச் சுவரில் அடிக்கும் பீங்கான் உருளையை, தினம் காலையில் பிள்ளைகள் ஒன்று எடுத்துக் கயிற்றில் கோர்க்கும். கயிற்றில் எத்தனை இருக்கிறதோ அதுதான் தேதி. மாசம் முடிந்தால் எல்லாவற்றையும் உருவிவிட்டு முதலிலிருந்து.

“எதுக்குக்கா இத்தன கூத்து? ஒரு காலண்டரு மாட்டுனா போதாதா?” என்றேன்.

“காலண்டருல எல்லா நாளும் ஒரே மாரி இருக்குது தங்கச்சி. கொழந்தைங்களுக்கு எப்படி வெளங்கும்?” என்று செவ்வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

கொஞ்ச நாளில் தெருவே கெட்டுப்போனது. தையற்காரரிடம் அக்கா, “கோணவாய் அன்னைக்கு வந்து ரவிக்கைய வாங்கிக்கிறேன்” என்பாள். அவரும் தலையாட்டுவார். சந்தைக்குப் போகிற பெண்கள் “கொப்புளத்துக்கு வரேன்னாங்க, இன்னும் ஆளக் காணும்” என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே, “வரட்டுமா, அடுத்த வயிறூதிக்குப் பார்ப்போம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார். எனக்கு வயிறு எரிந்தது.

நான் சும்மா இருப்பேனா? நானும் ஒரு திட்டம் போட்டேன். கிழமைக்கு ஒரு பலகாரம். திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் பூரி என்று ஆரம்பித்தேன். பூரியை உருட்டும்போதே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வியாழக்கிழமை உப்புமா. வெள்ளிக்கிழமையும் உப்புமா. அடுத்த வாரம் திங்களிலிருந்தே உப்புமா. “எங்கம்மா வூட்டுல தெனமும் ஒரே கெழமதான் பெரிம்மா” என்று செல்வி அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மாவாம்! சுவரில் நாலு ஆணி அடித்ததற்கு உறவுமுறை வேறு.

என் பெண் என்னிடம் கேட்டதையெல்லாம் இப்போது அங்கே போய்க் கேட்டாள். மழை ஏன் வருகிறது என்பதைக்கூட அங்கேதான் கேட்டாள். ஊருக்குப் பக்கத்தில்தான் கொளஞ்சியப்பர் கோயில். மனக்குறை இருக்கிறவர்கள் அங்கே பிராது எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். நானும் கட்டலாமா என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி என் பிள்ளைக்குக் கிழமை சொல்லிக்கொடுக்கிறாள் சாமி என்று எழுதினால் சாமி என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார் என்று விட்டுவிட்டேன்.

சாமி எழுதாத பிராதையும் எடுத்துக்கொள்வார் போலிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து படீரென்று ஒரு சத்தம். பின்னாலேயே அவள் பிள்ளைகள் இரண்டும் போட்ட கூச்சல். ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்த கப் சுக்குநூறாகக் கிடக்கிறது. செல்வி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் பயமே இல்லை.

“ஏன்டி ஒடச்ச?”

“சனிக்கெழம இல்லன்னா நாளைக்கே ஞாயித்துக்கெழம வந்துடும்ல. அப்பா வந்துடும்ல” என்றாள்.

காலண்டரைக் கிழித்த அதே புத்தி! எனக்குள்ளே மத்தளம் கொட்டியது. அப்படியானால் தவறு என் காலண்டரில் இல்லை. அவள் கப்பும் தோற்றுவிட்டது. மனசுக்குள் இவ்வளவு குதூகலத்தை வைத்துக்கொண்டு முகத்தை வருத்தமாக வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

“ஐயையோ, என்னக்கா இப்படி ஆயிடுச்சி” என்றேன்.

அக்கா திட்டவில்லை. சில்லுகளைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். “சரி, நாளைக்கு என்னா வருதுன்னு பாப்போம்” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் டீ கிடையாது. இறக்குவதற்குக் கப் இல்லை என்றால் டீ எப்படி? வேலைக்குப் புறப்பட்ட அவள் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். “ஏம்மா, கொஞ்சம் காப்பி இருந்தா குடும்மா. சனி ஒழிஞ்சிதுன்னு சந்தோசப்பட்டேன், டீயும் ஒழிஞ்சி போச்சி” என்றார். டம்ளரில்தான் கொடுத்தேன்.

செல்வி மட்டும் விடியும்போதே எழுந்து பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சேலம் வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது. வண்டியில் வந்தவர்கள் பெட்டியும் பையுமாகத் தெருவில் நடந்து போனார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசி ஆளும் போய்விட்டான். உதடு பிதுங்கியது, அப்புறம் அழுதாளே ஒரு அழுகை. எனக்கு அதுவரை உள்ளே கொட்டிக்கொண்டிருந்த மத்தளம் நின்றுபோனது. நான் எழுந்து போவதற்குள் அக்கா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

“கப்புதான் கண்ணு ஒடஞ்சிது, நாளு ஒடையல. அது பாட்டுக்கு வந்துடுச்சி பாரு. தொங்குறதுக்கு எடம் இல்லாம தெருவுல சுத்திக்கிட்டு இருக்குது, பாவம்” என்றாள் அக்கா.

செல்வி அழுகையை நிறுத்தினாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். “டீ குடிக்காமயா பெரிம்மா சுத்துது?” என்று கேட்டாள். பிறகு விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் ஓடி, கண்ணாடி அலமாரியைக் காட்டினாள்.

“அம்மா, சனிக்கெழமைக்கு ஒரு கப்பு குடும்மா.”

அந்த ஆறில் ஒன்றையா? விருந்தாளிக்கே எடுக்காததையா? ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தனை மாசம் கழித்து என் பெண் என்னிடம் வந்து ஒன்று கேட்கிறாள். அதோடு, அந்தக் கோணல் கப்புகளுக்கு நடுவில் தங்கக் கோடு போட்ட என் கப் தொங்கினால் எப்படி இருக்கும்! இருப்பதிலேயே அழகான கிழமை என் வீட்டுக் கிழமையாக இருக்கும். எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மகாராணி போலத்தான் போனேன்.

அக்கா வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள்.

“அழகா இருக்குது தங்கச்சி. ஆனா இதுல ஒண்ணும் இல்லியே.”

“என்னா இல்ல?”

“ஒரு கொறையும் இல்லியே. இத வச்சி எப்படி அடையாளம் கண்டுபுடிக்கிறது? இந்தா, நீயே வச்சிக்க” என்று திருப்பி நீட்டினாள்.

என் வாழ்க்கையில் எவ்வளவோ அவமானம் பட்டிருக்கிறேன். குறை இல்லை என்று யாரும் என் சாமானைத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆத்திரம் தலைக்கேறியது. கப்பை வெடுக்கென்று பிடுங்கினேன். நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போனேன். அதன் விளிம்பை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தங்கக் கோட்டோடு ஒரு சில்லு தெறித்து விழுந்தது.

“போதுமாக்கா? இல்ல இன்னும் வேணுமா?” என்று கொண்டுபோய் நீட்டினேன்.

அக்கா உடைந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். செல்வி கை தட்டினாள். அக்கா என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். “வா தங்கச்சி, உக்காரு. டீ போடுறேன்” என்றாள். காலியாக இருந்த சனிக்கிழமை ஆணிக்கு அன்றைக்கே ஆள் வந்துவிட்டது. அதில் முதல் டீயை எனக்குத்தான் கொடுத்தாள். அவள் வீட்டில் உட்கார்ந்து நான் டீ குடித்தது அதுதான் முதல் தடவை. சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

மறுநாள் வந்த என் வீட்டுக்காரர் அலமாரியில் ஒரு சாசர் தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கப் எங்கே என்று கேட்டார். “அது சனிக்கெழமையா பக்கத்து வூட்டுல இருக்குதுப்பா” என்றாள் செல்வி.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களையும் சேலத்துக்கே கூட்டிப் போய்விட்டார். அப்பா தினமும் வீட்டுக்கு வந்ததால் செல்விக்குக் கிழமையே தேவைப்படவில்லை. அந்தக் கப்பை நான் திருப்பிக் கேட்கவும் இல்லை. ஒரு தடவை விருத்தாசலத்திலிருந்து வந்த தையற்காரர் சொன்னார்: சனிக்கிழமை காலையில் அதை ஆணியிலிருந்து இறக்கும்போதெல்லாம் அக்கா பிள்ளைகளிடம், “ஒதடு பாத்துக் குடிங்க, தங்கச்சிக்குக் கோவம் சாஸ்தி” என்பாளாம்.

பின்னால் நான் கதை எழுதி நாலு பேருக்குத் தெரிந்தவளாகிவிட்ட பிறகும், வாரத்தில் ஆறு நாள் அவள் மேல் எனக்குப் பொறாமைதான். சனிக்கிழமை மட்டும் கிடையாது.