பதினோரு மணித் தூக்கக் கூட்டம்

உலகத்தில் எத்தனையோ குழுக்கள் கூடியிருக்கின்றன, டீ குடித்திருக்கின்றன, கலைந்திருக்கின்றன. ஆனால் பழச்சாறு பாட்டில் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் ‘இரவுப் பணியாளர் தொப்பைத் தடுப்பு உயர்மட்டக் குழு’வைப் போல, தொழிலாளியின் வயிற்றை மதித்த குழு இன்னொன்று இருந்ததில்லை. இனி இருக்கப்போவதுமில்லை.

குழு பிறந்ததே ஒரு வயிற்றால்தான். இரவு ஷிஃப்டில் பாட்டில்களுக்கு மூடி போடுகிறவர் ஒருவர். மூடிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். லேபிள் ஒட்டும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் பல வருஷமாகப் புகுந்து வந்தவர், ஒருநாள் பாதியிலேயே மாட்டிக்கொண்டார். மெஷினுக்கு என்ன தெரியும், பாவம்! உருண்டையாக ஏதோ வருகிறதே என்று அவர் வயிற்றிலும் ஒரு லேபிளை ஒட்டிவிட்டது: ‘நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்.’

மறுநாளே குழுத் தலைவராகப் பொறுப்பேற்ற மேலாளர் அறிவித்தார். மூன்று மாதத்தில் அதிக எடை குறைக்கிறவருக்குப் பகல் ஷிஃப்ட் பரிசு!

மூடிக்காரர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். காரணம் அவருடைய மகள். பள்ளியில் ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொன்னார்கள். அவள் அம்மாவை வரைந்தாள், பூனையை வரைந்தாள், தன்னை வரைந்தாள். அப்பாவுக்குக் கட்டிலில் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை. டீச்சர் பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்தார்.

“மனசைத் தேத்திக்குங்கம்மா. எப்ப நடந்தது?”

“எது டீச்சர்?”

“அதான்... அவர் போனது.”

“எங்க போனாரு? குறட்டை அடுப்படி வரைக்கும் கேக்குதே!”

வீடே சிரித்தது. மூடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற மகளுக்குத் தான் வெறும் போர்வைதானா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நேராகத் தொழிற்சாலை நர்ஸம்மாவிடம் போய் நின்றார்.

“பெரிய வித்தையெல்லாம் இல்லைங்க,” என்றார் நர்ஸம்மா. “சாப்பாட்டை ஷிஃப்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. நடுவுல பசிச்சா ஒரு பழம். தூக்கம் வருதேன்னு சர்க்கரை டீயா ஊத்திக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் ஜன்னலைச் சாத்திட்டு, போனை அணைச்சுட்டு நல்லா தூங்குங்க. தூங்காத உடம்புதான் கண்டதையும் கேக்கும்.”

அப்படியே செய்தார். மனைவி ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள். பூனைகூடச் சத்தம் போடாமல் நடந்தது. ஒரே மாதத்தில் எடை மெஷினின் முள் மனமிறங்கிப் பின்வாங்கியது. அந்தச் சந்தில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து, நம்ப முடியாமல் இன்னொரு முறையும் புகுந்து வந்தார்.

குழு ஆனந்தக் கண்ணீர் வடித்தது. மூடிக்காரரின் போன் அணைந்திருந்ததால் மேலாளர் அவருடைய மனைவியின் போனில் கூப்பிட்டு அவரை எழுப்பச் சொன்னார்.

“சாதிச்சுட்டீங்க! தினமும் காலையில பதினோரு மணிக்கு என்ன பண்ணுவீங்க?”

“தூங்குவேன் சார்.”

“பிரமாதம்! அதைத்தான் நீங்க எல்லாருக்கும் வந்து விளக்கணும். நாளையிலேருந்து தினமும்.”

“எத்தனை மணிக்கு சார்?”

“பதினோரு மணிக்கு.”

வருகை கட்டாயம். இரவு ஷிஃப்ட் முழுவதும் சிவந்த கண்களோடு வந்து உட்கார்ந்தது. ‘பகல் தூக்கத்தின் மாண்பு’ பற்றி மூடிக்காரர் பகலில் தூங்காமல் உரையாற்றினார். கொட்டாவி விட்டவர்கள் ‘ஆர்வமற்றோர்’ என்று கண்டிக்கப்பட்டார்கள். யாரும் கண்ணயர்ந்துவிடாதபடி ஆளுக்கு இரண்டு கேக்கும், ஸ்பூன் நட்டால் நிற்கும் அளவுக்குச் சர்க்கரை போட்ட டீயும் வழங்கப்பட்டன. தூக்கம் போச்சு, பசி வந்தது. நடுராத்திரியில் மூடிக்காரர் பிஸ்கட்டைக் காகிதத்தோடு கடித்தார். பின்வாங்கிய முள், விட்ட இடத்தைப் பிடித்துத் தாண்டியும் போனது. எடை ஏறுவதைக் கண்டு கவலையடைந்த குழு, கூட்டத்தை ஒரு நாளைக்கு இரண்டாக்கியது.

கடைசியில் மூடிக்காரர் எழுந்து கேட்டேவிட்டார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கூட்டத்தை ராத்திரி ஷிஃப்ட்லயே வெச்சுக்கலாமே?”

மேலாளர் நெஞ்சில் கை வைத்தார். “ராத்திரியா! என்னப்பா பேசறே? ராத்திரி கண்ணு முழிச்சா எங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

குழு ஒருமனதாகக் கைதட்டியது.

மூன்று மாதம் முடிந்தது. தொழிற்சாலையிலேயே எடை குறைந்தவர் மேலாளர் ஒருவர்தான். எனவே விதியைத் திருத்தி, ஏற்கெனவே பகலில் வேலை பார்க்கும் அவருக்கே பகல் ஷிஃப்டை மாலை போட்டு வழங்கினார்கள். மூடிக்காரருக்கு ஆறுதல் பரிசாகக் குழுவின் நிரந்தரப் பேச்சாளர் பதவி கிடைத்தது. இரவெல்லாம் மூடி, பகலெல்லாம் மேடை.

மகள் மறுபடியும் குடும்பத்தை வரைந்தாள். அம்மா, பூனை, தான். கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை மூடிக்காரர் வயிற்றை எக்கிச் சட்டையோடு போராடிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, டீச்சர் மறுபடி போன் பண்ணாங்க. மனசைத் தேத்திக்குங்கன்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

மனைவி அவருடைய கடைசிப் பொத்தானை இழுத்துப் போட்டுவிட்டாள்.

“போன தடவை நீங்க எங்கயும் போகலைன்னு அடிச்சுச் சொன்னேன். இந்தத் தடவை ரொம்ப நன்றி டீச்சர்னு சொல்லி வெச்சுட்டேன்.”