மாப்பிள்ளைக்கு ஒரு வகுத்தல் கணக்கு

“அண்ணே, இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிக் குடுங்களேன்.”

ஹாலித் கடித்த சமோசா பாதி வாயிலேயே நின்றது. பெண் பார்க்க வந்த இடம். புத்தகத்தை நீட்டியவள் பெண்ணின் தங்கை இக்ரா. தொகுமுறை வகுத்தல்: x³ − 4x² + x + 6 என்பதை x + 1 ஆல் வகுக்க வேண்டும்.

“எஞ்சினியர் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?” என்றார் பெண்ணின் அத்தா ஹனீஃபா.

துவாக்குடியில் டிசைன் எஞ்சினியராக இருக்கும் ஹாலித், பட்டம் வாங்கிய கையோடு இதையெல்லாம் மறந்திருந்தான். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கதவோரம், அவன் பார்க்க வந்த சம்ரீன் நின்றிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

“ரொம்ப ஈஸிம்மா.”

எண்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் மைனஸ் ஒன்றுக்குப் பதிலாக ஒன்று போட்டுப் பெருக்கிக் கூட்டினான். மீதி நாலு. புத்தகத்தின் விடைப் பக்கமோ பூஜ்யம் என்றது.

“ஆபீஸ் போன்” என்று சொல்லி மாடிக்கு ஓடினான். கூடப் படித்த கோல்டு மெடலிஸ்ட், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஜகன்னாத்தைப் போனில் பிடித்தான்.

“மாட்டிக்கிட்டேன்டா. அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல.”

விஷயத்தைக் கேட்ட ஜகன்னாத்துக்கும் கணக்கு மறந்திருந்தது. “புக்கு தப்புன்னு சொல்லிடு” என்றான்.

மாடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த பெண்ணின் அம்மா ஷரபுன்னிசாவுக்கு ஹாலித் பேசியது மட்டும் கேட்டது. அவன் இறங்கி வருவதற்குள் அது ஹனீஃபாவின் காதுக்குப் போய்விட்டது.

“ஏதோ பொண்ணுன்னு பேசினீங்களாமே தம்பி...” என்று இழுத்தார்.

“ஐயோ, அது லேடி டாக்டருங்க. காலையிலேருந்து வயித்து வலி.”

உடனே ஓமத் தண்ணீர் வந்தது. பிறகு வந்த பிரியாணி அவனைத் தாண்டிப் போனது. அவனுக்குக் கஞ்சி.

“கணக்கு என்னண்ணே ஆச்சு?” என்றாள் இக்ரா.

“அச்சுப் பிழைம்மா. புத்தகம் போட்டவங்களுக்கு நானே எழுதுறேன்.”

சம்ரீன் குனிந்து சிரிப்பை அடக்கினாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்ட ஹாலித், கஞ்சியைத் தெம்பாகக் குடித்து முடித்தான்.

கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே இக்ராவிடம் சொன்னான். “உங்க டீச்சர் ஏதாச்சும் கேட்டா என் நம்பரைக் குடும்மா.”

“டீச்சரா? நான் காமர்ஸ் குரூப்புண்ணே, எனக்குக் கணக்குப் பாடமே கிடையாது. ‘தெரியாது’ன்னு சொல்ற மாப்பிள்ளை ஒருத்தராச்சும் வர்றாரான்னு பாக்க, அக்காதான் குடுத்து விட்டுச்சு.”