மச்சானின் துப்பாக்கியும் மாட்டிக்கொண்ட பின்னும்

இனிமேல் தொழில் விஷயத்தில் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று துப்பாக்கி மெக்கானிக் சபதம் போட்டது காலையில். மத்தியானத்துக்குள் நெற்றியில் வேர்வை ஆறாய் ஓடியது.

எதிரே முக்காலியில் மச்சான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன், காட்டுக் காவல்காரர். பொழுது சாய்வதற்குள் காவலுக்குப் போக வேண்டும். துப்பாக்கி இல்லாமல் போய், பன்றிக்கு முன்னால் தொப்பியையா நீட்டுவார்?

துப்பாக்கியோ பட்டறை மேஜையில் மல்லாந்து கிடந்தது. பாகங்களைக் கோத்துப் பிடிக்கும் 'பின்' என்ற சின்ன இரும்பு முளையைக் கழற்றினால்தான் உடைந்த ஸ்பிரிங்கை மாற்ற முடியும். தகட்டைக் குழாய் மாதிரி சுருட்டிச் செய்தது அது, நடுவே ஓட்டை. "பின்னைத் தட்டி எடுக்கன்னே தனி பஞ்ச் இருக்கு, வாங்குங்க" என்று காலையில் அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "எனக்கு ஆணியே போதும்டி" என்றார் இவர். ஆணி வழுக்கி வழுக்கி ஓட்டைக்குள் புகுந்ததே தவிர, பின் இம்மி அசையவில்லை.

"என்ன மாப்ளே, சத்தம் மட்டும்தான் வருது?"

"கொஞ்சம் கோவக்காரப் பின்னு, மச்சான்."

"ஒரு கீறல் விழுந்தாலும் எங்க அதிகாரி எல்லாத் துப்பாக்கியையும் டவுன் கடைக்கு அனுப்பிடுவாரு. பாத்துக்க."

காவல்காரர்களின் துப்பாக்கி வேலை கைவிட்டுப் போனால் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இடுப்பில் குழந்தையோடு அவள் வந்தாள். கையில் துணி மூடிய தட்டு. அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்று, துணியின் ஓர் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே, அவளே வாங்கி வைத்திருந்த பஞ்ச், முனையில் சின்னக் குமிழோடு! குமிழ் ஓட்டையில் உட்காரும். வழுக்காமல் பின்னைத் தள்ளும். அவர் கையை நீட்டினார். துணி மூடிக்கொண்டது.

"அண்ணே, நாளைக்குப் பூரா குழந்தையை இவரே பாத்துக்கிறாராம். இல்லீங்க?"

"ஆ... ஆமா மச்சான். ரொம்ப நாள் ஆசை."

பஞ்ச் கைக்கு வந்தது. இரும்புச் சுத்தியலை எடுத்தார். அவள் இருமினாள். துணியின் அடுத்த ஓரம் உயர்ந்தது. பித்தளைச் சுத்தியல், தவறிப் பட்டாலும் கீறாது.

"துணி துவைக்கிறதும் இவர்தானாம்."

"நானே கேட்டு வாங்கிக்கிட்டேன், மச்சான்!"

அடுத்து, துளை போட்ட தாங்கு கட்டை. துப்பாக்கி ஆடாது, பின்னுக்கும் கீழே விழ வழி.

"ராத்திரி குழந்தை அழுதா எழுந்திரிக்கிறது..."

"அதுவும் நான்தான், கொண்டா இங்க!"

டொக். டொக். அந்தப் பின் வழுக்கிக்கொண்டு கட்டைத் துளைக்குள் விழுந்தது. ஒரு கீறல் இல்லை.

மச்சான் எழுந்து முதுகில் தட்டினார். "இதான் கைவேலை! தங்கமான புருஷன் தாயி உனக்கு."

ஸ்பிரிங் மாறியது. மெக்கானிக் அதே பின்னைத் துப்பாக்கித் துளையில் நிறுத்தினார். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி சாய்ந்தது. விரலால் பிடித்துக்கொண்டால் அடி விரலுக்கு. வாசலில் வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

மெல்லத் தலையைத் தூக்கினார்.

"கழட்டினா போதுமா, மாட்ட வேணாமா?" அவள் சிரித்தாள். "அண்ணே, இவர் இன்னொண்ணும் சொன்னாரு..."

தட்டில் துணி இன்னும் மேடாகத்தான் இருந்தது.